டாக்ரோ மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும்: கேள்வி பதில்

சிறுநீரக மாற்று வார்டில் மருந்தாளுநராகப் பல வருடம் இருந்தவன் நான். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தாக்காமல் காக்க டாக்ரோலிமஸ் (சுருக்கமாக டாக்ரோ) சாப்பிடுகிறோம், நடுவில் ஆன்டிபயாடிக் போட்டால் கிட்னி கெடுமா?

கணவருக்குக் கிட்னி மாற்றி இரண்டு வருடம். கிரியாட்டினின் (கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) 1.2-லேயே நின்றிருந்தது. வயிற்றுப் புண்ணுக்குப் பக்கத்து கிளினிக்கில் மூன்று மாத்திரை சேர்ந்த கிட் கொடுத்தார்கள். ஆறாம் நாள் கை நடுங்குகிறது, கிரியாட்டினின் 1.9. கிட்னி போய்விட்டதா? (சேலம்)

அம்மா, முதலில் அந்த அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கிளாரித்ரோமைசின் என்று இருக்கும். நடுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

டாக்ரோவை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலிலும் குடல் சுவரிலும் உள்ள சிஒய்பி3ஏ4 என்ற நொதி. கிளாரித்ரோமைசின் அந்த நொதியைக் கட்டிப் போட்டுவிடும். அவர் வழக்கமான அளவைத்தான் விழுங்குகிறார், ஆனால் பழையது வெளியேறாமல் ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகிறது. சில நாளிலேயே அளவு இரண்டு மூன்று மடங்கு ஆகிவிடலாம். அளவு ஏறினால், கிட்னியின் வடிகட்டிக்கு ரத்தம் கொண்டு போகும் நுண்குழாய் சுருங்கும். வடிகட்டுவது குறையும், கிரியாட்டினின் ஏறும். டீ டம்ளர் பிடிக்கும் கை ஆடுவதும், கையெழுத்து கோணுவதும் இதோடு சேர்ந்தே வரும்.

இன்றே உங்கள் மாற்று சிகிச்சை டாக்டருக்குப் போன் செய்யுங்கள், டாக்ரோ லெவல் டெஸ்ட் எடுங்கள். நீங்களாக டாக்ரோவை நிறுத்திவிட வேண்டாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் இந்தச் சுருக்கம் பெரும்பாலும் சரியாகிவிடும். வாரக்கணக்கில் விட்டால்தான் தழும்பாக மாறும்.

ஒரு வேடிக்கை: டாக்ரோலிமஸ் ஜப்பானில் சுகுபா மலைப் பக்கத்து மண்ணிலிருந்த பாக்டீரியாவில் 1984-ல் கிடைத்தது. வேதியியல்படி அதுவும் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசினைப் போல மேக்ரோலைடு வகைதான். பங்காளிச் சண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். எரித்ரோமைசினும் இதே வேலையைச் செய்யும். அசித்ரோமைசின் அவ்வளவு மோசமில்லை.

அமாக்ஸிசிலின் போடலாமா? (திருச்சி)

டாக்ரோ அளவை அது நேரடியாக மாற்றாது. ஆனால் அதனால் வயிற்றுப்போக்கு வந்தால் சொல்லுங்கள். குடல் சுவர் பாதிக்கப்பட்டால் அங்கே உடைய வேண்டிய டாக்ரோ முழுசாக உள்ளே போய் அளவு ஏறும். உடம்பில் நீர் வற்றுவது வேறு சேர்ந்துகொள்ளும்.

சிறுநீர்த் தொற்றுக்கு ஜென்டாமைசின் ஊசி. இரண்டாம் நாள் கிரியாட்டினின் நார்மல். இனிப் பயமில்லை அல்லவா? (கோவை)

இது வேறு கதை, தம்பி. ஜென்டாமைசினும் அதே வகை அமிக்காசினும் டாக்ரோ அளவைத் தொடுவதில்லை. கிட்னியின் குழாய்ச் செல்களுக்குள் போய்த் தங்கி அவற்றையே அரிக்கும். டாக்ரோ ஒரு பக்கம் ரத்த ஓட்டத்தைக் குறைக்க, இது மறுபக்கம் செல்லைக் கெடுக்கும். கிரியாட்டினின் ஏறுவது பெரும்பாலும் ஐந்து, ஏழு நாள் கழித்துத்தான். இரண்டாம் நாள் ரிப்போர்ட்டை வைத்து நிம்மதியாக இருக்காதீர்கள். வேறு மருந்துக்கு அடங்காத கிருமி என்றால் இதைத்தான் போட வேண்டியிருக்கும், அப்போது டாக்டர்களே அடிக்கடி டெஸ்ட் எடுப்பார்கள். அந்தச் சமயத்தில் உடம்பு வலி என்று டைக்ளோஃபினாக் மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மாற்று சிகிச்சை முடிந்ததிலிருந்து தினமும் கோட்ரைமாக்ஸசோல் தருகிறார்கள். அதனால் கிரியாட்டினின் கூடும் என்று படித்தேன். நிறுத்தட்டுமா? (நாகர்கோவில்)

நிறுத்தாதீர்கள். நியூமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் தொற்று வராமல் காப்பது அதுதான். அதிலுள்ள டிரைமெத்தோபிரிம், கிரியாட்டினின் சிறுநீரில் இறங்கும் ஒரு வழியை அடைப்பதால் ரிப்போர்ட்டில் எண் கொஞ்சம் கூடும். வடிகட்டுவது குறையாமலேயே இப்படிக் காட்டலாம். எதனால் என்று டாக்டர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். நான் பயப்படுவது பொட்டாசியத்துக்கு. டாக்ரோவும் அதை ஏற்றும், இதுவும் ஏற்றும். இளநீரிலும் பொட்டாசியம் உண்டு, தினம் ஒன்று குடிப்பவராக இருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

அப்பாவுக்குக் காசநோய் என்று ரிஃபாம்பிசின் தொடங்கினார்கள். டாக்ரோ அளவு 7-லிருந்து 2-க்கு இறங்கிவிட்டது. குறைவது கிட்னிக்கு நல்லதுதானே? (மதுரை)

இல்லை. கிளாரித்ரோமைசினுக்குச் சொன்னது நொதி தூங்கிப்போனால் வரும் வினை. ரிஃபாம்பிசின் அதே நொதியை உசுப்பிவிட்டுப் பல மடங்கு வேலை வாங்கும். டாக்ரோ ரத்தத்தில் நிற்கவே நிற்காது. 2 என்றால் உடம்பு அந்தக் கிட்னியை அந்நியன் என்று தாக்கத் தொடங்கலாம். அதுவும் கிட்னிச் சேதம்தான், வரும் வழி வேறு. டாக்ரோவைப் பல மடங்கு கூட்டுவார்கள், அல்லது பாதிப்பு குறைந்த ரிஃபாபியூட்டினுக்கு மாற்றுவார்கள்.

பலர் கோட்டை விடுவது கடைசியில். ரிஃபாம்பிசினை நிறுத்திய பின் இரண்டு வாரத்தில் நொதி பழைய நிலைக்கு வந்துவிடும். கூட்டிய டாக்ரோவை அப்போது குறைக்காவிட்டால் அளவு விர்ரென்று ஏறும். எங்கள் வார்டில் ஒருவர் காசநோய் குணமான சந்தோஷத்தில் ஒரு மாதம் டெஸ்டுக்கே வரவில்லை. வந்தபோது அளவு 24. ரிஃபாம்பிசின் முடியும் தேதியைக் காலண்டரில் இப்போதே வட்டம் போட்டு வையுங்கள்.

பம்பளிமாஸ் சாப்பிடலாமா? (தஞ்சாவூர்)

வேண்டாம். அதுவும் குடலில் அதே நொதியைத்தான் முடக்கும்.

ஆன்டிபயாடிக் போடும்போது லெவல் டெஸ்ட் எடுத்தேன், 19 வந்தது. பயமாக இருக்கிறது. (சென்னை)

அன்று காலை டாக்ரோவைப் போட்டுவிட்டா போனீர்கள்? அப்படியானால் அந்த 19-ஐ வைத்து எதையும் சொல்ல முடியாது. தினம் இருவேளை சாப்பிடுபவர்கள் முந்தின இரவு மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் கொடுக்க வேண்டும். எங்கள் வார்டில் மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வரச் சொல்வோம். பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வெளியே வந்ததும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து போட்டுக்கொள்வார்கள். நாளைக்கே அப்படிப் போய் மறுபடி எடுங்கள், எந்த ஆன்டிபயாடிக் என்பதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.