ஐப்பசிக் கதவு

அன்புள்ள ஐயாவுக்கு,

கோயம்புத்தூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வயது 41. மூன்று ஆண்டுகளாக மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு மரவேலை கற்று வருகிறேன். ஆசிரியர் யாரும் இல்லை, காணொளிகள்தான். சென்ற ஐப்பசியில், அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்காக ஆறடி நீளம், மூன்றடி அகலத்தில் தேக்கில் ஒரு சாப்பாட்டு மேஜை செய்தேன். ஏழு பலகைகளை விளிம்போடு விளிம்பு ஒட்டி மேல்பலகை. அது ஆடக்கூடாது என்று கீழ்ச்சட்டத்தின் நான்கு பக்கமும் பசை தடவி 24 திருகாணிகளும் போட்டேன். மேல்புறம் பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷ் ஐந்து கோட். முகம் பார்க்கலாம் போல இருந்தது.

மாசிக் கடைசியில் ஓர் இரவு வெடி வெடித்ததுபோல் சத்தம். காலையில் பார்த்தால் மேஜையின் ஒரு முனையிலிருந்து இரண்டடி நீளத்துக்கு விரிசல். ஐந்து ரூபாய் நாணயம் நுழைகிறது. அப்பா விரிசல்மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "கடையில் வாங்கியிருக்கலாம்" என்றார். அன்றிலிருந்து விரிப்பு போட்டு மூடி வைத்திருக்கிறோம். பக்குவமாகாத மரத்தைக் கொடுத்து மரவாடிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்கிறார் நண்பர். இப்போது மழையில் விரிசல் சற்றுக் குறைந்ததுபோலத் தெரிகிறது, கண்மயக்கமாக இருக்கலாம். எபாக்சி பிசின் ஊற்றி நிரப்பிவிட்டு மறுபடி பாலிஷ் போட நினைக்கிறேன். பி.யு.வா, பிரெஞ்சு பாலிஷா, ஆளிவிதை எண்ணெயா? எண்ணெயை ஒரு துண்டு மரத்தில் தேய்த்துப் பார்த்தேன், அழகாகத்தான் இருக்கிறது. துடைத்த துணிகளை அட்டைப்பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறேன், மறுபடி பயன்படுமே என்று. மரம் அசையாமல் நிற்க எந்தப் பூச்சு நல்லது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்த அட்டைப்பெட்டி. இந்த வரியைப் படித்ததும் எழுந்து மாடிக்குப் போங்கள். ஆளிவிதை எண்ணெய் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அப்போது சூடு பிறக்கிறது. விரித்துப் போட்ட துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். கசக்கிக் குவித்த துணியில் உள்ளேயே தங்கி ஏறிக்கொண்டே போய், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். பட்டறைகள் எரிந்திருக்கின்றன. துணிகளைத் தண்ணீரில் நனைத்து, வெட்டவெளியில் ஒவ்வொன்றாக விரித்து, விறைத்துக் காய்ந்தபின் எறியுங்கள். போய்விட்டு வாருங்கள், மீதி கடிதம் எங்கும் போய்விடாது.

உங்கள் கடிதத்தில் கருவிகளின் பட்டியல் இரண்டு பத்திகளுக்கு ஓடியது. வெட்டிவிட்டேன். அதில் மரத்தின் ஈரத்தை அளக்கும் கருவி ஒன்றும் இருந்தது, இன்னும் உறை பிரிக்கவில்லை என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

எந்தப் பாலிஷ் என்ற கேள்விக்குப் பதில் ஒரு வரிதான். சாம்பார்ச் சட்டியை இறக்கி வைக்கும் மேஜைக்கு பி.யு. போதும். பிரெஞ்சு பாலிஷ் என்பது அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணிப்பொதியால் நூறு முறை தேய்ப்பது. சூடான டம்ளர் பட்ட இடத்தில் வெள்ளை வளையம் விழும். அதை வரவேற்பறை அலமாரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் எனக்குப் பிடிக்கும், உங்கள் வீட்டில் யாருக்கும் அதைப் பராமரிக்கப் பொறுமை இருக்காது. முடிந்தது.

உங்கள் கடிதத்தில் உயிருள்ள வரி ஒன்றே ஒன்று இருக்கிறது. அதை எழுதிவிட்டு நீங்களே அழித்துவிட்டீர்கள். "மழையில் விரிசல் சற்றுக் குறைந்ததுபோலத் தெரிகிறது, கண்மயக்கமாக இருக்கலாம்." கண்மயக்கம் இல்லை ஐயா. மூன்று ஆண்டுகளாகக் காணொளி பார்த்த கண், ஒரே ஒருமுறை மரத்தைப் பார்த்திருக்கிறது. பார்த்ததை நம்பவில்லை.

இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம், இந்த வாரம் முழுக்க நான் ஒரு கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எழுதும் அறையின் கதவு. ஒவ்வொரு ஐப்பசியிலும் சிக்கிக்கொள்ளும். தோளால் இடித்தால்தான் திறக்கும். அதை இடிக்கும்போதெல்லாம் அப்பாவின் ஞாபகம்.

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அயனி மரக் கதவுகள். குமரி மாவட்டத்தில் மழை இரண்டு முறை வரும், ஆனி ஆடியில் ஒருமுறை, ஐப்பசியில் ஒருமுறை. அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். வகுப்பில் மகா பொறுமைசாலி என்று அவரது மாணவர்கள் இன்றும் சொல்கிறார்கள். வீட்டுப் பொருள் எதுவும் அவர் சொன்னபடி நடக்காவிட்டால் ஒரு நிமிடம் தாங்கமாட்டார். ஓர் ஐப்பசியில் படுக்கையறைக் கதவு சிக்கியது. யாரிடமோ இழைப்புளி இரவல் வாங்கிவந்து விளிம்பைச் சீவினார். சுருள் சுருளாகச் சீவல் விழ விழ அவர் முகம் மலர்ந்தது. கதவு வெண்ணெய்போல மூடியது. அடுத்த ஆண்டு மறுபடி சிக்கியது, மறுபடி இழைத்தார். மூன்றாம் ஆண்டும்.

அந்தப் பங்குனியில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு சந்து தெரிந்தது. பல்லி தாராளமாகப் போய்வந்தது. நான் விளக்கைப் போட்டுக்கொண்டு இரவில் கதைப் புத்தகம் படிப்பதை அம்மா கூடத்தில் படுத்தபடியே கண்டுபிடித்துவிடுவாள். கதவு மூடினாலும் தாழ்ப்பாள் எட்டவில்லை. அப்பா ஒரு மெல்லிய சட்டத்தை விளிம்பில் வைத்து ஆணி அடித்தார். ஐப்பசி வந்தது. கதவு சிக்கியது.

அப்போதுதான் அம்மா ஆசாரியை வரவழைத்தாள். பெரியவர், மெலிந்த உடம்பு, காதில் பென்சில். கதவைத் தள்ளிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். பையைத் திறக்கவே இல்லை. "தை பிறக்கட்டும் சாரே, பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பாவுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. மூன்று மாதம் கதவு மூடாமல் என்ன குடித்தனம் செய்வது என்று தெருவரை கேட்கும்படி கத்தினார்.

ஆசாரி மாசியில் வந்தார். அப்பா அடித்த சட்டத்தைப் பிடுங்கினார், மூலையில் கொஞ்சம், இவ்வளவுதானா என்று தோன்றும் அளவுக்கு இழைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, கதவின் நடுப்பலகையைக் காட்டினார். கதவுக்குப் பச்சை வண்ணம் அடித்திருந்தது. பலகையின் ஓரத்தில், அது சட்டத்துக்குள் நுழைகிற இடத்தில், நூல் கனத்துக்கு ஒரு வெளுத்த கோடு. வண்ணம் படாத வெறும் மரம். வண்ணம் அடித்தது மழைக்காலத்தில். அப்போது உப்பியிருந்த பலகை இப்போது சுருங்கி, சட்டத்தின் காடிப் பள்ளத்துக்குள் ஒளிந்திருந்த தன் விளிம்பை வெளியே காட்டிக்கொண்டிருந்தது. "இந்தப் பலகையை ஒட்டவில்லை, ஆணி அடிக்கவில்லை. காடிக்குள் சும்மா நிற்கிறது. ஒட்டியிருந்தால் ஒரு மாசியில் நடுவே பிளந்திருக்கும், இல்லையென்றால் ஓர் ஐப்பசியில் சட்டத்தைப் பிளந்திருக்கும்" என்றார். உள்ளங்கையால் அழுத்தினார். பலகை மெல்ல ஆடியது. அப்பா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார், செய்தித்தாளைப் படிப்பதுபோல.

உங்கள் வீட்டில் பழைய பலகைக் கதவு இருந்தால் மாசியில் போய்ப் பாருங்கள். அந்தக் கோடு தெரியும். இதைச் சொன்னால் எல்லோரும் "அட ஆமாம்" என்பார்கள், அதற்குமுன் ஒருவரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

இனி உங்கள் 24 திருகாணிகள். எனக்கு ஆத்திரமாக வருகிறது, அதனால் கணக்காகவே சொல்கிறேன். மரம் நீளவாக்கில் அசைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். பச்சை மரம் முழுக்க உலரும்வரை அது நீளத்தில் சுருங்குவது 0.1 முதல் 0.2 சதவீதம். குறுக்குவாக்கில்தான் எல்லாம். அதிலும் மரத்தின் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில், அடிமரத்தின் நடுவிலிருந்து வெளியே போகும் திசையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. தேக்கு பல மரங்களைவிடக் குறைவாகவே அசையும், அதன் விலைக்கு அதுவும் ஒரு காரணம். ஆனாலும் மரத்துக்குள் இருக்கும் ஈரம் 14 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்கினால், உங்கள் மூன்றடி அகலத் தேக்குப் பலகை, அறுத்த விதத்தைப் பொறுத்து மூன்றரை முதல் ஏழு மில்லிமீட்டர் சுருங்கும். நீங்கள் மேஜை செய்தது அடைமழையில். தை, மாசியில் கோவையில் காற்று காய்ந்துபோய்விடும், கூடத்தில் ஏ.சி. இருந்தால் இன்னும் மோசம். மேல்பலகை அகலத்தில் ஏழு மில்லிமீட்டர்வரை குறைய வேண்டும் என்கிறது. அதற்குக் குறுக்கே ஓடும் உங்கள் கீழ்ச்சட்டம் தன் நீளத்தில் அரை மில்லிமீட்டர்கூடக் குறையாது. இரண்டையும் பசை போட்டு, திருகாணி போட்டு, ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள். ஒரு நாற்காலியில் ஆளை உட்காரவைத்துக் கையையும் காலையும் கட்டிவிட்டு, மூச்சும் விடாதே என்றால் என்ன செய்வான்?

அது வெடித்த இடத்தையும் பாருங்கள், முனையில். குறுக்கே வெட்டிய முனை வழியாகத்தான் மரம் மிக வேகமாக ஈரத்தை விடும். அங்கே முதலில் சுருங்கும், அங்கே முதலில் பிளக்கும்.

ஐந்து கோட் பாலிஷ் தடுக்கவில்லையே என்று கேட்பீர்கள். எந்தப் பூச்சும் தடுக்காது. ஈரம் போய்வரும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். நீங்கள் அதையும் மேல்புறம் மட்டும் பூசியிருக்கிறீர்கள். அடிப்புறம் வெறும் மரம். மேலே மெதுவாகவும் கீழே வேகமாகவும் உலர்ந்தால் பலகை வளையத்தான் செய்யும். விருந்தாளிகள் குனிந்து பார்க்கமாட்டார்கள் என்று விட்டுவிட்டீர்கள். காற்று குனிந்து பார்க்கும்.

மரவாடிக்காரரை விட்டுவிடுங்கள். அவர் உத்தமர் என்று நான் சான்றிதழ் தரவில்லை. ஆனால் பக்குவமான மரமும் அசையும். காரைக்குடிப் பக்கத்து வீடு ஒன்றை இடிக்கும்போது கிடைக்கிற பழைய பர்மா தேக்கும் ஐப்பசியில் உப்பி மாசியில் சுருங்கும். பக்குவம் என்பது பச்சை மரத்தின் ஈரத்தை இறக்கி, ஊர்க் காற்றோடு ஒத்துப்போகச் செய்வது. அதற்குப் பிறகும் காற்று மாறிக்கொண்டுதான் இருக்கும். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை நானூறு ஆண்டுகளுக்கு மேலாக இரண்டு பருவமழையையும் வாங்கிக்கொண்டு நிற்கிறது. அங்கே யாரும் மரத்தை அசையாதே என்று சொல்லியிருக்கமாட்டார்கள்.

எபாக்சியைத் தொடாதீர்கள். பாதி சுருங்கிய விரிசலில் கல்போன்ற ஒன்றை ஊற்றிவிட்டால், அடுத்த உப்பலில் மரத்துக்கு மூடிக்கொள்ள இடம் இருக்காது. நீங்கள் ஊற்றியது ஆப்பாக மாறி வேறு இடத்தைப் பிளக்கும். என் அப்பா கதவில் அடித்த சட்டம் அதுதான்.

திருகாணிகளைக் கழற்றுங்கள். பசைதான் தொல்லை. அந்தக் காலத்து வஜ்ஜிரமாக இருந்தால் சூடும் ஈரமும் காட்டினால் விட்டுக்கொடுத்துவிடும். தோலையும் எலும்பையும் காய்ச்சிய அந்தப் பசை கொதிக்கும் நாளில் எங்கள் தெருவில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடப்போம், ஆனாலும் எனக்கு அந்த வாசனை இப்போது வேண்டும்போல இருக்கிறது. உங்களுடையது வெள்ளைப் பசையாக இருக்கும், அது அவ்வளவு எளிதில் இளகிக்கொடுக்காது. மெல்லிய வாளால் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே பொறுமையாக அறுத்துப் பிரியுங்கள். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆகும். பிரித்தபின் இந்த மழைக்காலத்தில் எதையும் ஒட்டாதீர்கள். மேல்பலகையை இருபுறமும் காற்றுப் படும்படி கட்டையில் ஏற்றி வீட்டுக்குள்ளேயே வையுங்கள். தையில் விரிசல் வழியாகவே நீளத்துக்கு அறுத்து, இரு விளிம்பையும் இழைத்து, புதிதாக ஒட்டுங்கள். அடிப்புறத்துக்கும் முனைகளுக்கும் மேல்புறத்தைப் போலவே பாலிஷ் போடுங்கள். சட்டத்தில் பொருத்தும்போது பசை வேண்டாம். எட்டோ பத்தோ திருகாணி போதும். சட்டத்தில் அவற்றுக்கான துளைகளை, மேஜையின் அகலவாக்கில் நீண்ட துளைகளாக உளியால் பொளிந்துகொள்ளுங்கள், திருகாணி அதற்குள் இப்படியும் அப்படியும் நகரட்டும். உறை பிரிக்காத அந்தக் கருவியைப் பிரித்து, மாதம் ஒருமுறை மரத்தின் ஈரத்தையும் மேஜையின் அகலத்தையும் சுவரில் எழுதி வையுங்கள். அப்பாவையே எழுதச் சொல்லுங்கள். எழுபது வயதில் மனிதர்களுக்கு அளக்கப் பிடிக்கும்.

அவர் விரிசல்மேல் விரலை ஓட்டினார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். என் அப்பா இறந்து பல வருடங்கள் கழித்து, தக்கலை வீட்டைக் காலி செய்யும்போதுதான் அந்தக் கதவின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். அவர் பிடித்த இழைப்புளி மேடும் பள்ளமுமாகப் போன தடம் அப்படியே இருந்தது. மோசமான வேலை. கதவைக் கழற்றி இங்கே கொண்டுவந்து என் அறைக்குப் பொருத்திக்கொண்டேன். நிலையைக் கதவுக்கு ஏற்றபடி குறுக்கச் சொன்னபோது இங்குள்ள தச்சர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தோளால் இடிக்கிறார்கள். காபியாக இருக்கும், நான் போய் இந்தப் பக்கமிருந்து இழுக்க வேண்டும்.