கையில் கட்டும் ஸ்மார்ட் பேண்டை மகளுக்கு வாங்காதீர்கள், அப்பாவுக்கு வாங்குங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். மகள் படிவம் 5, இந்த வருடம் எஸ்.பி.எம். பரீட்சை. இரவு 12 மணி வரை கைப்பேசியை வைத்துப் படிக்கிறாள். 5.45க்கு எழுப்பினால் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறாள், வகுப்பில் தூங்கி விழுகிறாளாம். வீட்டுக்காரருக்குப் பெரட்டு (விடியற்காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பது) இருப்பதால் 4.45க்கே அலாரம் அடிக்கும். மகள் ஹாலில்தான் படுக்கிறாள். தூக்கத்தை அளக்கும் ஸ்மார்ட் வாட்ச் வாங்கச் சொல்கிறான் என் தம்பி. சத்தத்தை அடக்கும் இயர்போன்தான் நல்லது என்கிறார் அண்ணி. கையில் 300 வெள்ளி இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: இரண்டுமே உங்கள் மகளுக்கு வேண்டாம். 13 முதல் 18 வயதுவரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. உங்கள் மகளுக்குக் கிடைப்பது ஆறு மணி நேரத்துக்கும் குறைவு, அதுவும் அப்பாவின் அலாரத்தால் நடுவில் அறுந்துபோகிறது. இதைச் சொல்ல வாட்ச் எதற்கு?

வாட்ச் என்ன செய்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். கை அசைவதை ஒரு சென்சார் பார்க்கிறது, அடியில் உள்ள பச்சை விளக்கு நாடித்துடிப்பைப் படிக்கிறது. இந்த இரண்டையும் வைத்துத்தான் அது தூக்கத்தைக் கணிக்கிறது. மொத்தம் எத்தனை மணி நேரம் என்பதை ஓரளவு சரியாகச் சொல்லும். ஆனால் விழித்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்தால் அதையும் தூக்கக் கணக்கில் சேர்த்துவிடும். ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று பிரித்துக் காட்டுவதெல்லாம் உத்தேசம்தான். அதைச் சரியாக அளக்கத் தலையில் மின்முனை ஒட்டி மூளை அலையைப் பதிய வேண்டும். வாட்ச் காட்டும் எண்ணைப் பார்த்துக் கவலைப்பட்டே தூக்கம் கெடுகிறவர்களைப் பற்றி 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள், அதற்கு ஆர்த்தோசோம்னியா என்று பெயரும் வைத்தார்கள். பரீட்சை வருடத்தில் ஒரு பிள்ளை தினமும் காலையில் தூக்கத்துக்கு வேறு மார்க் பார்க்க வேண்டியதில்லை.

இயர்போன் விஷயம். வெளிச் சத்தத்தை மைக்கில் பிடித்து அதற்கு எதிரான அலையை உண்டாக்கி அடக்குவதுதான் அதன் வேலை. மின்விசிறி, ஜெனரேட்டர், லாரி எஞ்சின் போல விடாமல் வரும் தாழ்ந்த சத்தத்துக்கு நன்றாக வேலை செய்யும். திடீரென்று கிளம்பும் அலாரம், சேவல், நாய்க் குரைப்பு இவற்றுக்குச் சரிவராது. ஒருக்களித்துப் படுத்தால் காது வலிக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரவு முழுக்கக் காதை அடைத்து வைத்தால் அரிப்பும் வரும். சத்தம் தாங்கவே முடியாத நாளில் மட்டும் பார்மசியில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் நுரை அடைப்பான் போதும். அதை மெல்லிய குச்சி போல உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். உருட்டாமல் காதின் வாயிலில் சொருகுவதால்தான் பலருக்கு அது பயனில்லாமல் போகிறது.

இப்போது வாங்க வேண்டியது. 100 முதல் 200 வெள்ளிக்குள் கிடைக்கும் சாதாரண ஸ்மார்ட் பேண்ட் (வாட்ச் போலவே மணிக்கட்டில் கட்டும் பட்டை) ஒன்று, உங்கள் வீட்டுக்காரரின் கைக்கு. தூக்கத்தை அளப்பதற்காக இல்லை, சத்தமில்லாமல் அதிர்ந்து எழுப்புவதற்காக. 4.45க்கு அவர் மணிக்கட்டு மட்டும் அதிரும், ஹாலில் யாருக்கும் கேட்காது. அலாரத்தைக் கைப்பேசிச் செயலியில் திங்கள் முதல் சனி வரை என்று வையுங்கள். பேண்டில் பதிந்துவிட்டால் கைப்பேசி அணைந்திருந்தாலும் அடிக்கும். சில வகைகளில் லேசான தூக்கம் பார்த்து முன்கூட்டியே எழுப்பும் வசதி உண்டு, அதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அரை மணி முன்பே எழுப்பிவிடக்கூடும். வாட்ஸ்அப் அறிவிப்பு அதிர்வையும் இரவில் நிறுத்துங்கள். நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவைத் தொடர்ந்து பார்ப்பதை அணைத்தால் பேட்டரி இன்னும் பல நாள் தாங்கும்.

மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நழுவாத அளவுக்கு இறுக்கமாகக் கட்ட வேண்டும். தொளதொளவென்று கட்டினால் அதிர்வு தெரியாது. முதல் வாரம் கைப்பேசி அலாரத்தையும் ஐந்து நிமிடம் தள்ளி வைத்துக்கொள்ளட்டும். குலை வெட்டப் போகும்போது கழற்றி வைத்துவிடலாம், முள்ளும் மட்டையும் திரையைக் கீறாது. வியர்வை தங்கினால் பட்டைக்கு அடியில் தடிப்பு வரும், கழுவித் துடைத்துக் கட்டச் சொல்லுங்கள். புளூடூத் உள்ள பொருள் என்பதால் தொடர்புத் துறை ஆணையமான எம்.சி.எம்.சி.யின் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மகளுக்கு வேண்டியது பேட்டரியில் ஓடும் ஒரு மேசைக் கடிகாரம். கைப்பேசிதான் அலாரம் என்று இருக்கும்வரை அது தலையணையை விட்டுப் போகாது. பாடத்துக்குக் கைப்பேசி வேண்டுமென்றால், கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமா கணக்கில் ஆசிரியர் போட்ட கோப்புகளை மாலையிலேயே கூகுள் டிரைவில் இணையமில்லாமல் திறக்கும்படி இறக்கி வைக்கட்டும். தோட்டத்தில் லைன் விட்டுவிட்டு வரும், தகரக் கூரை வேறு அலைவரிசையை மறைக்கும். ஒரு பக்கம் திறக்கக் காத்திருக்கும் நேரத்தில்தான் விரல் டிக்டாக்குக்குப் போகிறது. ஆண்ட்ராய்டு என்றால் செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங், அதில் பெட்டைம் மோட். 9.30க்குத் தொடங்கும்படி வையுங்கள், அதன் பிறகு கைப்பேசி ஒலிக்காது. அவசரத்துக்கு உறவினர் கூப்பிட்டால் என்ன செய்வது என்று கவலை வேண்டாம். டூ நாட் டிஸ்டர்ப் அமைப்பில் ரிப்பீட் காலர்ஸ் என்பதை இயக்கினால், 15 நிமிடத்துக்குள் அதே எண்ணிலிருந்து இரண்டாவது அழைப்பு வந்தால் மணி அடிக்கும். பிறகு கைப்பேசி அடுப்படியில் சார்ஜ் ஆகட்டும். தலையணைக்கு அடியில் சார்ஜ் போடுவது கூடவே கூடாது, சூடு வெளியேற வழியில்லாமல் பேட்டரி கெடும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. சார்ஜரில் தரத்துக்கான சிரிம் முத்திரை இல்லாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

மீதிப் பணத்தில் படிப்பு மேசைக்கு ஒரு மஞ்சள் பல்பு வாங்குங்கள், பெட்டியில் 2700 அல்லது 3000 கே (ஒளியின் நிறத்தைக் காட்டும் கெல்வின் அளவு) என்று போட்டிருக்கும். ஹாலில் எரிவது பெரும்பாலும் நீல ஒளி அதிகமுள்ள 6500 கே வெள்ளைக் குழல். 480 நானோமீட்டர் பக்கத்து நீல ஒளிக்குக் கண்ணில் உள்ள சில செல்கள் அதிகம் கூசும், மூளைக்கு இன்னும் பகல்தான் என்று சேதி போகும். திரையை மஞ்சளாக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள், வெளிச்சத்தையும் குறைக்க வேண்டும்.

அந்த வெள்ளைக் குழலுக்குக் காலையில் வேலை இருக்கிறது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அதனால் உங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய மதியம் 1.15க்கு, உதயம் 7 மணிக்கு மேல். பருவ வயதில் உடல் கடிகாரமே பின்தங்கி ஓடும். அதோடு 5.45 என்பது நடு இருட்டு. இதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். எழுப்பியதும் வெள்ளைக் குழலைப் போடுங்கள், பள்ளியில் சபை கூடும் நேரத்து வெயிலும் அவளுக்கு நல்லதே.

படுக்கும் நேரத்தை ஒரே இரவில் 12இலிருந்து 9.45க்குக் கொண்டுவர முடியாது. மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி முன்னே நகர்த்துங்கள், ஏறக்குறைய நான்கு வாரம் பிடிக்கும். சனி, ஞாயிறிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக எழ விடாதீர்கள். மதியத் தூக்கம் 20 நிமிடம் போதும். மாலை 4க்கு மேல் காப்பி, மைலோ ஐஸ், தே தாரிக் எதுவானாலும் குறைக்கட்டும்.

எட்டு மணி நேரம் சில வாரம் தூங்கிய பிறகும் வகுப்பில் கண் சொக்கினால், அல்லது உரத்த குறட்டையும் மூச்சு நின்று நின்று வருவதும் இருந்தால், அரசாங்க கிளினிக்கில் மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தச் சோகை இருக்கிறதா என்று பார்க்கவும் சொல்லுங்கள், வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளின் களைப்புக்கு அது அடிக்கடி காரணமாகிறது.