கல்யாணமான புதிதில் வரவு செலவை இருவரும் எப்படிச் சமாளிப்பது?

தங்கச்சி, கல்யாணமாகி ஏழு மாதம், இருவரும் வேலைக்குப் போகிறோம், மாதக் கடைசியில் நூறு வெள்ளி (ரிங்கிட்) கூட மிஞ்சவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சம்பளத்தை அப்படியே கணவரிடம் கொடுத்துவிடுவதா, தனித்தனியாகவே வைத்துக்கொள்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், அம்மாவுக்கு மாதம் 150 வெள்ளி கொடுப்பது அவருக்குத் தெரியாது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் உங்கள் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதனால் எங்கள் கதையையே சொல்கிறேன்.

நாங்கள் மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அவருக்குத் தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை, எனக்கு ஒரு கிளினிக்கில். 2022இல் கல்யாணம். முதல் ஒரு வருடம் வாடகையும் மோட்டார் தவணையும் அவர் பொறுப்பு, வீட்டுச் சாமானும் பில்லும் என் பொறுப்பு. மற்றபடி அவர் காசு அவரிடம், என் காசு என்னிடம். சண்டை ஒன்றும் வரவில்லை. அதனாலேயே எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போயிருந்தபோது முட்டை வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போனேன். காசை நீட்டினால் கடைக்கார அண்ணன், "இருக்கட்டும்மா, தம்பி கணக்கிலேயே எழுதிக்கிறேன்" என்று சொல்லி ஒரு 555 புத்தகத்தை எடுத்தார். உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சின்னக் கடன் புத்தகம் நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? அட்டையின் ஓரம் எண்ணெய் பட்டு மெத்தென்று ஆகியிருந்தது. ரப்பர் போட்டுக் கட்டியிருந்தார். மேலே என் கணவர் பெயர். உள்ளே அரிசி 10 கிலோ, மைலோ, பருப்பு. அதற்குக் கீழே டயப்பர், டயப்பர், மறுபடி டயப்பர். வாரம் ஒரு பாக்கெட். மாமாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்த நேரம் அது. கடைசிப் பக்கத்தில் பாக்கி 612 வெள்ளி.

வீட்டுக்கு வந்தும் நான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். ஏனென்றால் நானும் ஒன்றை மறைத்து வைத்திருந்தேன். தெரிந்தவர்களோடு சேர்ந்து கூட்டு, அதாவது சீட்டு, கட்டிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பேர், ஆளுக்கு மாதம் 200 வெள்ளி. முறை வரும்போது 2,400 வெள்ளி மொத்தமாகக் கிடைக்கும். கடைசி முறையை வாங்கி, வீட்டுக்கு முன்பணம் என்று அவர் கையில் கொடுத்து ஆச்சரியப்படுத்த நினைத்தேன். ஏழாவது மாதம் கூட்டுப் பிடித்தவர் போனை எடுக்கவில்லை. வீட்டையும் காலி செய்துவிட்டார். என் 1,400 வெள்ளி போனது போனதுதான்.

எங்கே போய்ப் புகார் கொடுப்பது என்று விசாரித்தபோதுதான், கூட்டுப் பிடிப்பதைத் தொழிலாக நடத்துவதற்கே 1971 முதல் தடைச் சட்டம் இருக்கிறது என்று தெரிந்தது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்ற நம் சொல்தான் இருக்கிறது. அந்த அளவுக்கு இது நம் வீடுகளில் ஊறிய பழக்கம். நல்லவர்கள் நடத்தும் கூட்டில் பணம் எடுத்துப் பிள்ளையைப் படிக்க வைத்தவர்களும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சேர்த்து வைத்த பணத்துக்கு ஒரே காவல் இன்னொருவரின் வாய்ச்சொல் என்றால், அதில் போடாதீர்கள். என் தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்கினார். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்த காலம் அது. அந்தப் பத்து பத்து வெள்ளியைச் சேர்த்துத்தான் சங்கம் தோட்டங்களை வாங்கியது. அதுவும் பலர் சேர்ந்து போட்ட பணம்தான். ஆனால் பதிவு இருந்தது, உறுப்பினர் கணக்கு இருந்தது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். இரண்டு நாள் கழித்து இரவுச் சாப்பாடு முடிந்ததும் கூட்டுப் பணம் போனதை நானே முதலில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எழுந்து போய்ப் பையிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்தார். கடைப் பாக்கி, நண்பரிடம் வாங்கிய 300, ஆலையில் வாங்கிய முன்பணம், எல்லாம் வரிசையாக எழுதி வைத்திருந்தார். "அப்பாவுக்கு டயப்பர் வாங்கக்கூட உன்னிடம் காசு கேட்கணுமான்னு இருந்துச்சு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்பது அவருக்குத் தெரியும். கேட்கும்படி ஆனதுதான் அவருக்கு வலி.

அன்றிரவே எங்கள் முறை மாறியது. யார் கையில் பணம் இருக்கிறது என்பது பெரிய விஷயமில்லை. இருவர் கண்ணுக்கும் எல்லாம் தெரிய வேண்டும். அதனால் உங்கள் சம்பளத்தை அவரிடம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன், தனித்தனியாக வையுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். எங்களுக்கு இன்றும் தனித்தனி வங்கிக் கணக்குதான். ஆனால் மாதம் ஒருமுறை, அவருக்குச் சம்பளம் வரும் 7ஆம் தேதி, இரண்டு சம்பளச் சீட்டையும் மேசையில் வைத்துவிடுவோம்.

இப்போது அவர் அடிப்படைச் சம்பளம் 2,600, எனக்கு 1,900. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), பெர்கேசோ (சமூகக் காப்புறுதி) பிடித்தம் போகக் கைக்கு வருவது சுமார் 3,970. அன்றைக்கே முதலில் 500 வெள்ளி சேமிப்புக்குப் போய்விடும். மிஞ்சியதைச் சேமிக்கலாம் என்று இருந்த காலத்தில் ஒரு மாதம்கூட மிஞ்சியதில்லை. அதில் 300 தனி வங்கிக் கணக்கில், அவசரத்துக்கு. அந்தக் கணக்குக்கு அட்டை வாங்கவே இல்லை. மீதி 200 அமானா சஹாம் மலேசியா என்ற யூனிட் முதலீட்டுத் திட்டத்தில். ஒரு யூனிட் ஒரு வெள்ளி என்ற விலை மாறாது, பத்து வெள்ளி இருந்தாலும் தொடங்கலாம். விற்பனைக்கு யூனிட் இருக்கும்போதுதான் நமக்குக் கிடைக்கும், அதனால் அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்புறம் ஆளுக்கு 200 வெள்ளி கைச்செலவு. அதற்குக் கணக்கு கிடையாது, கேள்வியும் கிடையாது. அவர் தூண்டில் வாங்கினாலும் சரி, நான் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் செலவழித்தாலும் சரி. 400 வெள்ளி வீணாகிறதே என்று என் அக்கா கேட்டாள். எனக்கு அது வீணாகத் தெரியவில்லை. அந்த 200 இருப்பதால்தான் மற்றதில் யாரும் எதையும் ஒளிக்க வேண்டியதில்லை.

ஓவர்டைம் பணத்தை வரவில் சேர்க்கவே மாட்டோம். உங்கள் கணவரும் தோட்டத்திலோ ஆலையிலோ இருந்தால் இதைக் கவனியுங்கள். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் காய் அதிகம், ஆலை இரவு பகலாக ஓடும், ஓவர்டைம் கொட்டும். தீபாவளியும் அதையொட்டித்தான் வரும், கை தாராளமாக இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் காய் குறைந்து ஓவர்டைமும் குறையும்போது தைப்பூசம் வந்து நிற்கும், பிள்ளைகள் உள்ளவர்களுக்குப் பள்ளிச் செலவும் சேர்ந்துகொள்ளும். எத்தனையோ வீடுகளில் நகை அடகுக்குப் போவது இந்த இரண்டு மாதங்களில்தான். நாங்களும் ஒரு தடவை சங்கிலியை வைத்து 2,000 வாங்கினோம். மாதம் 2 விழுக்காடு என்று கேட்க லேசாக இருந்தது. மாதம் 40 வெள்ளி வட்டி, ஆறு மாதத்தில் 240. இப்போது தீபாவளிக்கென்று மாதம் 150 ஒதுக்குகிறோம், வருடத்துக்கு 1,800. துணியும் பலகாரமும் அதற்குள்தான். ஓவர்டைம் முழுவதும் கல்யாணக் கடனுக்குப் போகிறது.

இபிஎஃப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எங்கள் இருவரிடமும் பிடிக்கும் 11 விழுக்காடு, முதலாளிகள் போடும் 13 விழுக்காடு, சேர்த்தால் மாதம் 1,080 வெள்ளி. நாங்கள் சேர்க்கும் 500ஐப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். 2024 மே மாதத்திலிருந்து அதில் பத்தில் ஒரு பங்கு ஃப்ளெக்சிபல் கணக்குக்குப் போகிறது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அவர் முதலில் மாதாமாதம் போனிலேயே தட்டி எடுத்துக்கொண்டிருந்தார். அதை நிறுத்தினோம். 2024க்கு இபிஎஃப் கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு. அதை அங்கேயே விட்டால் அதுவும் ஒரு அவசரப் பணம்தான். பிள்ளை பிறந்து நான் வேலையை விட வேண்டி வந்தால், அவர் சம்பளத்தில் பிடிக்கும் 11 விழுக்காட்டில் 2 விழுக்காட்டை என் கணக்குக்கு மாற்றும் ஐ-சாயாங் திட்டம் இருக்கிறது என்றும் பேசி வைத்திருக்கிறோம். மாதம் 52 வெள்ளிதான். ஆனாலும் என் பெயரில் இருக்கும்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம் மாமா. முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் உழைத்தார். ஓய்வு பெற்றதும் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. இபிஎஃப் பணத்தில் பெரும்பகுதி மலிவு விலை வீட்டுக்குப் போனது. நோய் வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. அந்த 555 புத்தகம் அங்கேதான் தொடங்கியது.

இனி உங்கள் 150 வெள்ளி. அம்மாவுக்குக் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். மறைத்துக் கொடுப்பதை நிறுத்துங்கள். எங்கள் வீட்டில் மாமியாருக்கு 350, என் அம்மாவுக்கு 200. சமமாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் முதலில் முறுக்கிக்கொண்டேன். "அங்க படுக்கையில ஒரு ஆள் இருக்காரு, எனக்கு என்ன கேடு?" என்று என் அம்மாதான் அதட்டினார். தேவையைப் பார்த்து இருவரும் பேசி முடிவு செய்தோம். இரண்டு தொகையும் வாடகைக்கு அடுத்த வரியில் இருக்கிறது. கடன் ஏற்கெனவே கழுத்தை நெரிக்கிறது என்றால் கடன் ஆலோசனை தரும் ஏகேபிகேயிடம் போங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய அமைப்பு, ஆலோசனைக்குக் காசு வாங்க மாட்டார்கள், ஈப்போவில் கிளை இருக்கிறது. தனியாகப் போகாதீர்கள், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

சொல்வதைச் சம்பளம் வந்த அன்று சொல்லுங்கள். மாதக் கடைசியில் சொன்னால் அது பணச் சண்டையாகத்தான் முடியும். ஒரு தாளில் வாடகையை எழுதி, அதற்குக் கீழே அம்மா 150 என்று நீங்களே எழுதி அவர் பக்கம் நகர்த்துங்கள். அவரிடமும் ஒரு 555 புத்தகம் இருக்கலாம். எடுத்துக் கொடுத்தால் கடைசிப் பக்கத்துத் தொகையை உடனே தேடாதீர்கள். முதல் பக்கத்திலிருந்து, என்னென்ன வாங்கியிருக்கிறார் என்று படித்துப் பாருங்கள்.