டர்பனிலிருந்து குடும்பத்துடன் கப்பல் பயணம்: முதல் இரண்டு நாள்களைப் பற்றிய கேள்வி பதில்

தென்னாப்பிரிக்கக் கோடைக்காலக் கப்பல்கள் டர்பனுக்கு வரத் தொடங்கியிருப்பதால், குழந்தைகளோடும் முதியோரோடும் முதன்முறையாகக் கடலில் செல்லவிருக்கும் குடும்பங்கள் பல கேள்விகளை அனுப்பியிருக்கிறீர்கள். பயண ஏற்பாட்டுத் தொழிலில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையிலும், என் பெற்றோரையும் பேரக்குழந்தைகளையும் அழைத்துச் சென்றவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். கப்பலில் ஏறிய முதல் சில மணி நேரத்தைக் குடும்பத்தில் மிகச் சிறியவரையும் மிக மூத்தவரையும் மனத்தில் வைத்துத் திட்டமிட்டால், எஞ்சிய நாள்கள் எல்லோருக்கும் நன்றாக அமையும் என்பதே என் உறுதியான கருத்து.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாய்: என் கணவருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. இரண்டு பிள்ளைகளுடன் நான் மட்டும் மொசாம்பிக் செல்லும் கப்பலில் போகலாமா? என்ன ஆவணங்கள் வேண்டும்?

தாராளமாகப் போகலாம், அம்மா. ஆனால் இது வெளிநாட்டுப் பயணம் என்பதை நம் மக்களில் பலர் மறந்துவிடுகிறார்கள். கப்பல் டர்பனிலேயே புறப்பட்டு டர்பனுக்கே திரும்பினாலும், நடுவில் மொசாம்பிக்கில் நிற்பதால் கடவுச்சீட்டும் குடிநுழைவுச் சோதனையும் உண்டு. தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு மொசாம்பிக் விசா தேவையில்லை என்றாலும், கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லத்தக்கதாகவும், வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருவரின் விவரமும் உள்ள முழுமையான பிறப்புச் சான்றிதழையும், உங்கள் கணவர் உறுதிமொழி ஆணையர் (கமிஷனர் ஆஃப் ஓத்ஸ்) முன் கையெழுத்திட்ட சம்மதப் பத்திரத்தையும், அவருடைய அடையாள அட்டையின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு தாள் குறைந்ததற்காகத் துறைமுகத்தில் குடும்பம் முழுவதும் திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். இந்தியாவிலிருந்து வந்துள்ள உறவினர் உங்களுடன் சேர்ந்தால், அவருடைய தென்னாப்பிரிக்க விசா ஒரு முறை மட்டுமே நுழைய அனுமதிப்பதா, பலமுறை நுழைய அனுமதிப்பதா என்பதை முன்பதிவுக்கு முன்பே பாருங்கள்.

ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவிலிருந்து ஓர் அண்ணன்: கப்பல் புறப்படும் நாளன்று விடியற்காலையில் காரில் கிளம்பினால் போதுமா?

வேண்டாம். ஏறக்குறைய 600 கிலோமீட்டர் தொலைவு. வழியில் உள்ள வான் ரீனன் மலைக் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தாலோ மூடுபனி இறங்கினாலோ மணிக்கணக்கில் நிற்க நேரிடும். கப்பல் காத்திருக்காது. முந்தைய நாளே டர்பனுக்கு வந்து உறவினர் வீட்டில் தங்கிவிடுங்கள்.

பீனிக்ஸிலிருந்து ஒரு மகள்: என் தந்தைக்கு நீரிழிவு. பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள் என்கிறார்களே, எதைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்?

இந்தக் கேள்விக்கு என் குடும்பத்தில் நடந்ததைச் சொல்வதே சரியான பதிலாக இருக்கும். எங்கள் முதல் பயணத்தில் என் தந்தையின் இன்சுலினை, பத்திரமாக இருக்கட்டும் என்று, பெரிய பெட்டியின் நடுவில் துணிகளுக்கிடையே வைத்தோம். நண்பகலில் பெட்டியை ஒப்படைத்தோம். அது கேபின் வாசலுக்கு வந்தபோது இரவு எட்டு மணி கடந்துவிட்டது. அந்த எட்டு மணி நேரம் நாங்கள் பட்ட கவலை வேறு யாருக்கும் வரக்கூடாது. ஆகவே இன்சுலின், மாத்திரைகள், மருத்துவரின் சீட்டு, கடவுச்சீட்டு, குழந்தைகளுக்கு ஒரு மாற்றுடை, நீச்சலுடை ஆகிய அனைத்தும் கைப்பையில் இருக்க வேண்டும். கேபினில் உள்ள சிறு குளிர்பெட்டி சில கப்பல்களில் போதிய அளவு குளிர்வதில்லை என்பதால், இன்சுலினுக்கு ஏற்ற குளிர்பெட்டியையும், பயன்படுத்திய ஊசிகளைப் போடும் டப்பாவையும் முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். தந்தையார் கப்பலில் ஏறியவுடன் உணவருந்தும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்கும் நேரம் சில சமயம் எதிர்பார்த்ததைவிட நீண்டுவிடும்.

டொங்காட்டிலிருந்து ஒரு தம்பி: பாதுகாப்புப் பயிற்சிக்குக் கட்டாயம் போக வேண்டுமா? குழந்தை அந்த நேரத்தில் தூங்குவாள்.

கட்டாயம் போக வேண்டும், தம்பி, குழந்தையைத் தூக்கிக்கொண்டாவது போக வேண்டும். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜில்யோ தீவருகே ‘கோஸ்டா கொன்கோர்டியா’ பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் கப்பலில் ஏறிய நூற்றுக்கணக்கானோருக்குப் பயிற்சி நடத்தப்பட்டிருக்கவில்லை. பயணிகள் ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. அதன் பிறகுதான், கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி முடிந்திருக்க வேண்டும் என்று பன்னாட்டுக் கடற்பாதுகாப்பு உடன்படிக்கை திருத்தப்பட்டு, 2015 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அது அபாய அறிவிப்பு. உங்கள் குடும்பம் ஒன்றுகூட வேண்டிய இடம் எது என்பது கேபின் கதவின் பின்புறத்திலும் பயண அட்டையிலும் எழுதப்பட்டிருக்கும். கேபினிலிருந்து அந்த இடத்துக்கு, மின்தூக்கியைப் பயன்படுத்தாமல், படிக்கட்டு வழியாகக் குழந்தைகளோடு ஒருமுறை நடந்து பாருங்கள். கேபினில் பெரியவர்களுக்கான மிதவை அங்கிகள் மட்டும் இருந்தால், குழந்தையின் அளவுக்கு ஏற்றதை அன்றே கேட்டு வாங்குங்கள். இதை நாளைக்கு என்று தள்ளிவைக்காதீர்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஓர் ஆயா: வெள்ளிக்கிழமை புறப்படுகிறோம். வெள்ளிக்கிழமையில் விளக்கேற்றாமல் நான் இருந்ததே இல்லை. சின்னக் காமாட்சி விளக்கு எடுத்துவரலாமா, தம்பி?

உங்கள் மனம் எனக்குப் புரிகிறது, ஆயா. ஆனால் கப்பலில் தீயைவிடப் பெரிய அச்சம் வேறில்லை. விளக்கு, கற்பூரம், ஊதுவத்தி, மெழுகுவத்தி எதையும் கேபினில் கொளுத்த அனுமதி கிடையாது. துணி தேய்க்கும் பெட்டியையும் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெண்டியையும்கூட சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். மின்கலத்தில் எரியும் சிறு விளக்கு ஒன்றைச் சாமி படத்தின் முன் வைத்துக் கும்பிட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் மருமகளிடம் அன்று மாலை வீட்டு விளக்கை ஏற்றச் சொல்லிவிட்டு வருவதும் நல்லதே.

லேடிஸ்மித்திலிருந்து ஒரு குடும்பத்தலைவி: நாங்கள் சைவம். முதல் நாளிலிருந்தே சாப்பாட்டுக்குச் சிரமம் வருமா? தைப்பூசக் காவடி விரதத்தின்போது போகலாமா?

முன்பதிவின்போதே சைவம் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதோடு விட்டுவிடாமல், முதல் நாள் மாலை உணவுக்கூடத்தின் தலைமைப் பணியாளரை நேரில் பார்த்து மறுபடியும் சொல்ல வேண்டும். வெறுமனே சைவம் என்றால் மீனையும் முட்டையையும் சேர்த்துக்கொள்பவர்கள் உண்டு என்பதால், இறைச்சி, மீன், முட்டை மூன்றும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். சூப்பில் கோழிச்சாறு இருக்கலாம். குலுங்கும் இனிப்புகளில் விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம். கேட்டால் பணியாளர்கள் பொறுமையாகச் சொல்வார்கள். பல கப்பல்களில் பயணம் முழுவதும் அதே மேசையும் அதே பணியாளரும் இருப்பதால், முதல் இரவில் தெளிவாகப் பேசிவிட்டால் இரண்டாம் நாளிலிருந்து அவரே உங்களுக்காகக் கவனித்துக்கொள்வார். சிறு பிள்ளைகள் இருந்தால் முதல் பந்தியையே கேளுங்கள். இரண்டாம் பந்தி முடிவதற்குள் அவர்கள் மேசையிலேயே தூங்கிவிடுவார்கள்.

காவடி விரதத்தைப் பற்றிக் கேட்டீர்கள். தனிப் பாத்திரத்தில் சமைத்து உண்ணும் விரதத்தைக் கப்பலில் காக்க முடியாது. ஒரே சமையலறையில்தான் எல்லாம் ஆகின்றன. நேர்த்திக்கடன் இருக்கும் ஆண்டில் பயணத்தைக் காவடிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் பருவம் பெரும்பாலும் மார்ச் வரை நீடிக்கிறது.

வெருளத்திலிருந்து ஒரு மாமா: முதல் இரவே வாந்தி வரும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

சிலருக்கு வரும், ஆனால் பெரும்பாலும் தடுக்கலாம். நம் கரையை ஒட்டி அகுல்யாஸ் நீரோட்டம் தென்மேற்கு நோக்கி வேகமாக ஓடுகிறது. தென்மேற்கிலிருந்து பலத்த காற்று எழுந்து அதற்கு எதிராக வீசும்போது அலைகள் உயர்ந்து செங்குத்தாகின்றன. துறைமுகத்தின் காப்பைவிட்டு வெளியே வந்த சிறிது நேரத்திலேயே இதை உணரலாம். கேபினைத் தேர்ந்தெடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஒன்றைக் கேளுங்கள். உயரத்திலும் முன்முனையிலும் ஆட்டம் அதிகம். சைக்ளிசின், சின்னரிசின் போன்ற மாத்திரைகள் குமட்டல் தொடங்கிய பிறகு அவ்வளவாக உதவுவதில்லை. புறப்படுவதற்கு முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்கும், வேறு மருந்து உட்கொள்ளும் முதியோருக்கும் மருந்தாளுநரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. வெறும் வயிறும் ஆகாது, நிரம்பிய வயிறும் ஆகாது. தொலைபேசித் திரையைப் பார்க்காமல், திறந்த தளத்தில் நின்று தொடுவானத்தைப் பாருங்கள். இஞ்சியை வாயில் அடக்கிக்கொள்வது என் மனைவிக்கு உதவியது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கடல்நோய் அரிதாகவே வருகிறது என்பது இளம் தாய்மாருக்கு ஓர் ஆறுதல்.

தொலைபேசியைச் சொன்னதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன்: கரை மறைவதற்குள் அதை விமானப் பயண முறைக்கு (ஏரோபிளேன் மோடு) மாற்றிவிடுங்கள், கப்பலின் வலையமைப்பில் அது தானாக இணைந்தால் கட்டணம் மிக அதிகமாகிவிடும்.

ஷால்கிராஸிலிருந்து ஓர் ஆசிரியை: புறப்படும் மாலையில் பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம்?

மேல்தளத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கப்பல் துறைமுக வாய்க்கால் வழியாக வெளியேறும்போது வலப்பக்கம் பிளஃப் குன்றும், இடப்பக்கம் பாயிண்ட் பகுதியும் நெருங்கி வரும். டர்பனில், துறைமுகத்துக்குள்ளும் வெளியேயும் கப்பலுக்கு வழிகாட்டும் மாலுமிகளை ஹெலிகாப்டரில் ஏற்றி இறக்கும் வழக்கம் இருப்பதால், அதைக் காணும் வாய்ப்பும் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று, மதராசிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு ‘ட்ரூரோ’ கப்பல் இந்த நீருக்குத்தான் வந்து சேர்ந்தது என்பதை அந்த இடத்தில் நின்று சொல்லுங்கள். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுடைய பிள்ளைகள் விடுமுறைக்காக அதே வாயிலைக் கடக்கிறார்கள் என்பதை அவர்கள் அறிய வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன்.

இசிபிங்கோவிலிருந்து ஓர் இளம் தந்தை: இரண்டாம் நாள் முழுவதும் கடலில்தான். ஒரு வயதுக் குழந்தையை நீச்சல் குளத்தில் விடலாமா?

நாப்கின் அணியும் குழந்தைகளைப் பெரும்பாலான கப்பல்களில் குளத்தில் அனுமதிப்பதில்லை. நீச்சலுக்கென்று விற்கும் நாப்கினுக்கும் அதே விதிதான். ஒரு சிறிய ஊதுதொட்டியைக் கொண்டுசென்று குளியலறையில் வைத்துக் குளிப்பாட்டுங்கள். உணவுக்கு முன் ஒவ்வொரு முறையும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கைகழுவ வேண்டும். கப்பல்களில் பரவி வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோ வைரசுக்குக் கைக்குத் தடவும் ஆல்கஹால் திரவம் போதாது.

மீண்டும் சாட்ஸ்வொர்த்திலிருந்து, ஒரு பேரன்: கரையிறங்கும் இடத்தில் தாத்தாவின் சக்கர நாற்காலியை இறக்க முடியுமா? மலேரியா உண்டா?

மொசாம்பிக்கில் கப்பல் நிற்கும் இடங்களான போமெனியிலும் போர்ச்சுகீசியத் தீவிலும் பெரிய கப்பல் அணையும் துறை இல்லை. கப்பல் நங்கூரமிட்டு நிற்கும். சிறு படகில் மாறிக் கரைக்குப் போக வேண்டும், பிறகு மணலில் நடக்க வேண்டும். எழுந்து இரண்டு அடி வைக்க முடியாதவரைப் படகில் ஏற்ற மறுப்பார்கள். அது அவருடைய நலனுக்காகவே. கடல் கொந்தளித்தால் எவரையும் இறக்காமல் கப்பல் நகர்ந்துவிடும் என்பதையும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். மொசாம்பிக் கரையில் மலேரியா உண்டு. மழைக்காலமும் கப்பல் பருவமும் ஒன்றாக வருகின்றன. தடுப்பு மாத்திரை வேண்டுமா என்பதைப் புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். திரும்பி வந்து சில வாரங்களுக்குள் யாருக்காவது காய்ச்சல் கண்டால், அதைச் சளிக்காய்ச்சல் என்று விட்டுவிடாமல், மொசாம்பிக் போய்வந்ததை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். தாத்தா கப்பலிலேயே தங்குவதாக இருந்தால், குடும்பத்தில் ஒருவர் முறைவைத்து அவருடன் இருங்கள். கூட்டமெல்லாம் கரைக்குப் போன அந்த நேரத்தில் மேல்தளம் அமைதியாக இருக்கும், நிழலான இருக்கைகளும் கிடைக்கும்.