பேர் ஒருத்திக்கு, பாடு வீட்டுக்கு

வணக்கம் சார்,

நாங்கள் ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். பெண் பி.காம். இரண்டாம் வருஷம் முடிக்கப் போகிறாள். போன வருஷம் விளையாட்டாக என் மாமியாரை வைத்து ரீல்ஸ் போட ஆரம்பித்தாள். மாமியார் கோலார் தங்கவயல்காரர். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார், கோபம் வந்தால் தெலுங்கும் சேர்ந்துகொள்ளும். அது பிடித்துப்போய் இப்போது லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள். மசாலாக் கம்பெனி, நைட்டிக் கடை என்று விளம்பரங்கள் வருகின்றன. சில மாதங்கள் என் சம்பளத்தைவிட அவளுக்கு அதிகமாக வருகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது காலிங்பெல் அடித்து, "பாட்டி இருக்காங்களா, ஒரு செல்ஃபி" என்கிறார்கள். பையன் எட்டாவது படிக்கிறான். பாட்டி பேசும் வசனங்களைச் சொல்லியே கிண்டல் செய்கிறார்களாம், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறான். பெண்ணின் உடம்பைப் பற்றி வரும் கமெண்டுகளை என்னால் படிக்க முடியவில்லை. என் கணவரோ, "இந்த வயசில் இந்தப் பேர் யாருக்குக் கிடைக்கும்" என்கிறார். பொய் சொல்வானேன், எனக்கும் பெருமைதான். இப்போது காலேஜை விட்டுவிட்டு முழுநேரமும் இதிலேயே இறங்கப்போவதாகச் சொல்கிறாள். இவ்வளவு கொடுத்து வாங்க வேண்டியதா சார் இந்தப் புகழ்?

கே.ஆர்., பெங்களூரு

அன்புள்ள கே.ஆர்.,

பெருமையாகவும் இருக்கிறது என்று மறைக்காமல் எழுதினீர்களே, அது நல்லது. புகழே வேண்டாம் என்று பேசுகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பெரும்பாலும் அது ஏற்கெனவே கிடைத்துவிட்டவர்களாக இருப்பார்கள். இந்த ஊரில் பஸ் கண்டக்டராக இருந்த ஒருவர் 1973இல் சென்னையில் திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தார், 1975இல் திரைக்கு வந்தார். பேசாமல் டிக்கெட் கிழித்துக்கொண்டே ஓய்வு பெற்றிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். பணமும் சிபாரிசும் இல்லாத வீட்டுக்குப் புகழ் செய்கிற உதவியை வேறெதுவும் அத்தனை சீக்கிரம் செய்துவிடாது. அதே ரஜினிகாந்த் பழைய நண்பர்களைப் பார்க்க வேஷம் மாற்றிக்கொண்டு பெங்களூருக்கு வருவார் என்று இங்கே பலரும் சொல்வார்கள். சரி, அது அவர் சம்பாதித்தது, அவர் படுகிற பாடு. அதில் நமக்கு வழக்கு இல்லை.

உங்கள் வீட்டு விஷயம் அப்படி இல்லை. உங்கள் கடிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெல் அடித்தால் எழுந்து வரவேண்டியது பாட்டி. கிண்டலை வாங்கிக்கொண்டு வருவது தம்பி. கமெண்டைப் படித்துவிட்டுத் தூங்காமல் கிடப்பது நீங்கள். பெண்ணுக்கும் அந்தக் கமெண்டுகள் வலிக்கத்தான் செய்யும், ஆனால் அவளுக்குப் பதிலுக்கு ஏதோ கிடைக்கிறது. கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே ஆளாக இருந்தால்தான் கட்டுப்படியாகுமா என்று கணக்குப் பார்க்க முடியும். உங்கள் வீட்டில் கொடுக்கிறவர்கள் வேறு ஆட்கள். அவர்களை யாரும் முன்கூட்டிக் கேட்கவும் இல்லை.

இந்த ஊர் இதைப் பெரிய அளவில் பார்த்திருக்கிறது. 2000 ஜூலை 30 இரவு கஜனூர்ப் பண்ணை வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திக்கொண்டு போனான். திரும்பி வர 108 நாளானது. காட்டில் கஷ்டப்பட்டது அவரும் உடன் போனவர்களும். ஆனால் அந்த நாட்களில் பெங்களூர்த் தமிழர்கள் எப்படி இருந்தார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பஸ்ஸில் வாய்விட்டுத் தமிழ் பேச யோசித்தவர்களை எனக்குத் தெரியும். அவர் புகழில் அவர்களுக்கு என்ன பங்கு? 2006 ஏப்ரலில் அவர் இறந்தபோது ஊரே கலவரமாகி உயிர்கள் போயின. வீட்டாருக்கு நிம்மதியாக அழக்கூட இடமில்லாமல் போயிற்று. 2021 அக்டோபரில் அவருடைய மகன் புனீத் 46 வயதில் மாரடைப்பில் போனார். ரசிகர்களின் கோபத்துக்குப் பயந்து, அவரைப் பரிசோதித்த குடும்ப டாக்டருக்குப் போலீஸ் காவல் போட்டார்கள். அப்புறம் 2025 ஜூன் 4, சின்னசாமி மைதானம். கோப்பை வென்ற அணியைப் பார்க்கப் போன 11 பேர் நெரிசலில் செத்தார்கள். ஆட்டக்காரர்களுக்கு ஒரு கீறலும் இல்லை.

ரீல்ஸுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று உங்கள் கணவர் கேட்பார். அளவுதான் வேறு. பேர் ஓரிடத்தில் சேர்கிறது, அடி வேறெங்கோ விழுகிறது, அது மட்டும் மாறவில்லை.

வள்ளுவர் புகழ் அதிகாரத்தை இல்லறவியலின் கடைசியில், ஈகைக்கு அடுத்ததாக வைத்தார். உரைக்காரர்கள் அதற்கு என்னென்னவோ காரணம் சொல்வார்கள். வீட்டிலிருந்து வெளியே கொடுத்துச் சம்பாதிப்பதுதான் அது, வீட்டு ஆட்களையே எடுத்துக் கொடுத்து அல்ல என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, வேலையை ராஜினாமா செய்யலாம், புகழை முடியாது. திராவிட் ஓய்வு பெற்று வருஷக்கணக்கான பிறகு, 2017இல், ஒரு அறிவியல் கண்காட்சியில் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார். வரிசையில் நின்றதே படமாகி நாடெல்லாம் சுற்றியது. சாதாரணமாக இருக்கிறார் என்று பாராட்டிப் பாராட்டியே அவரைச் சாதாரணமாக இருக்க விடாமல் செய்துவிட்டோம்.

இதற்கு நேர்மாறான புகழும் இதே ஊரில் இருந்தது. ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி ஆதாரை எதிர்த்து 2012இல் வழக்குப் போட்டார். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்று தீர்ப்பளித்தார்கள். சட்டம் படிக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் பேர் மனப்பாடம். ஆனால் அவர் தெருவில் நடந்து போயிருந்தால் எத்தனை பேர் அடையாளம் கண்டிருப்பார்கள்? பேர் ஊரைச் சுற்றும், ஆள் வீட்டில் இருக்கலாம். உங்கள் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. ரீல்ஸில் முகமும் ஹாலும் பாட்டியும்தான் சரக்கு.

கடிதத்தில் பெண் சொன்னது இருக்கிறது, கணவர் சொன்னது இருக்கிறது, பையன் சொன்னதும் இருக்கிறது. உங்கள் மாமியார் என்ன சொல்கிறார்? அவருக்கு இது பிடித்தும் இருக்கலாம், வயதான காலத்தில் நாலு பேர் தேடி வருவது எல்லோருக்கும் கசப்பதில்லை. பேத்தி முகம் வாடக்கூடாதென்று சும்மா இருக்கிறாரா என்பதும் தெரியாது. பேத்தி இல்லாத நேரமாகப் பார்த்து நீங்கள் கேளுங்கள். மசாலாக் கம்பெனிப் பணத்தில் ஒரு பங்கு அவர் பேரில் உள்ள கணக்குக்குப் போகட்டும், பாசத்தில் அடித்துக்கொண்டு போய்விட வேண்டாம். பையன் எந்த வீடியோவிலும் வரக்கூடாது, அவன் குரல்கூட. வாசலும் தெருவும் தெரிகிற பழைய வீடியோக்களை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஆபாசக் கமெண்டுகளை வடிகட்ட அந்தச் செயலியிலேயே வழி இருக்கிறது. எல்லை மீறினால் தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். நீங்கள் உட்கார்ந்து அதையெல்லாம் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

காலேஜை விடுவது பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் கறாரானது. ஜனங்கள் பார்க்க வருவது பாட்டியை. பாட்டிக்கு நாளைக்கு உடம்பு முடியவில்லை, அல்லது சலித்துவிட்டது என்றால் இவள் கையில் என்ன தொழில் இருக்கும்? எழுபது வயது மூட்டுவலியை நம்பி டிகிரியை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இவளிடமும் திறமை இருக்கத்தான் செய்யும், எங்கே வெட்டுவது, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் லட்சம் பேரைச் சிரிக்க வைக்க முடியாது. ஆகவே கொஞ்ச நாள் பாட்டி இல்லாமல் போட்டுப் பார்க்கட்டும். வேறு ஆட்கள், வேறு இடம், வேறு பேச்சு. பார்ப்பவர்கள் குறைந்தால் குறையட்டும். பி.காம். முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, அதற்குள் அவளுக்கே தெரிந்துவிடும்.