எடை குறைக்கும்போது உடற்பயிற்சி நாளில் கூடுதலாக உண்ண வேண்டுமா?

உங்கள் அன்றாடக் கலோரி இலக்கு எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதைப் பொறுத்தே இதற்கு விடை அமையும். வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு செயலி தந்த இலக்காக இருந்தால், பயிற்சியில் செலவாகும் ஆற்றல் அதில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. அதற்கு மேல் உண்பது ஒரே செலவை இருமுறை கணக்கெழுதுவதாகும்.

அவ்வாறு சேர்க்கப்படவில்லை என்றாலும், செலவு நாம் நினைக்கும் அளவுக்கு இருப்பதில்லை. 70 கிலோ எடையுள்ள ஒருவர் கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் ஒரு மணி நேரம் விரைந்து நடந்தால் ஏறத்தாழ 300 கலோரி செலவாகும்; அதில் சுமார் 70 கலோரி, அவர் வீட்டில் சும்மா அமர்ந்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடியது. (கைக்கடிகாரங்கள் பல நேரங்களில் தாராளமாகவே கணக்குக் காட்டுகின்றன.) மீதியை, நடை முடிந்ததும் பேக்கரியில் உண்ணும் ஒரு தேங்காய் பன்னும் தேநீருமே ஈடுசெய்துவிடும்.

ஆகவே ஒரு மணி நேர நடைக்கு எதையும் கூட்ட வேண்டியதில்லை என்பதே என் கருத்து. வெள்ளியங்கிரியின் ஏழு மலையும் ஏறி இறங்கும் நாள் வேறு. அன்று அளவைச் சுருக்குவது விவேகமன்று. பளு தூக்குவோர் மொத்த உணவைக் கூட்டாமல், கொள்ளு, முட்டை ஆகியவற்றால் புரதத்தின் பங்கை உயர்த்தினால் தசை இழப்பு குறையும். இன்சுலின் எடுத்துக்கொள்வோருக்குப் பயிற்சியால் இரத்தச் சர்க்கரை மிகவும் தாழக்கூடும் என்பதால், அவர்கள் மருத்துவரைக் கேட்டே உணவளவை முடிவு செய்ய வேண்டும்.