பாட்டு வாயில் இருக்கிறது, எழுதியவர் யார்? கேள்வி பதில்

பாம்பனில் முப்பது வருடமாகக் கிறிஸ்தவக் கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிறேன். பாடுகிற பாட்டை எழுதியவர் பெயர் தெரியாமல் பாடுவது எனக்கு உறுத்தல். அதனால்தான், நம் பாட்டுகளில் எதை யார் எழுதியது என்று தெரியாவிட்டால் கேட்கச் சொன்னேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

தங்கச்சிமடம் தம்பி: அண்ணே, எங்க அப்பத்தா மன்னார் பக்கம் பிறந்தவங்க. பெரிய வெள்ளி வந்தால் 'வியாகுலப் பிரசங்கம்' என்று ஒன்றை ஒப்பாரி மாதிரி இழுத்துப் படிப்பாங்க. அது யார் எழுதியது?

எழுதியவர் தமிழரே இல்லை, தம்பி. கோவாவில் திவார் தீவில் 1676-ல் பிறந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி. 1705-ல் இலங்கைக்குப் போனார். அப்போது அங்கே கரையோரமெல்லாம் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கையில். கத்தோலிக்கக் குருக்கள் வெளிப்படையாக நடமாட முடியாது. கண்டி ராஜாவின் ஆதரவுதான் பிடிமானம். அந்த நெருக்கடியில் தமிழும் சிங்களமும் கற்று, 1742-ல் இறக்கும்வரை இரண்டிலும் எழுதினார். சிங்களக் கத்தோலிக்க இலக்கியத்தின் தந்தை என்றே அவரைச் சொல்கிறார்கள்.

பிரசங்கம் என்று பெயர் இருந்தாலும் அதன் வசனம் அழுகையின் போக்கிலேயே போகும். சின்ன வயதில் நான் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. பெட்ரோமாக்ஸ் விளக்கு, அதைச் சுற்றி ஈசல். ஒரு பெரியவர் மாதா மகனைத் தேடுகிற இடத்தைப் படித்துக்கொண்டிருப்பார். குரல் கம்மினால் பக்கத்தில் இருப்பவர் அதே வரியில் எடுத்துக்கொள்வார், ராகம் அறுபடாது. அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் பெண்கள் பக்கம் விசும்பல் கேட்கும். கொங்கணி பேசி வளர்ந்த ஒருவர் நம் பெண்கள் அழுகிற தாளத்தை எப்படிப் பிடித்தார் என்று நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

ராமநாதபுரம் அக்கா: வேதநாயகம் சாஸ்திரியாரும் வேதநாயகம் பிள்ளையும் ஒருவர்தானா?

இல்லை அக்கா, இரண்டு பேர். சாஸ்திரியார் (1774–1864) சீர்திருத்த சபைக்காரர், தஞ்சாவூர்க் கவிராயர், 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர். உங்கள் ஊர் ஸ்வார்ட்ஸ் பள்ளிக்கூடம் யார் பெயரில் இருக்கிறதோ, அந்த ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். சரபோஜி மன்னரும் அவரும் ஒன்றாகப் படித்தவர்கள். மதுரை அமெரிக்க மிஷன் எட்வர்ட் வெப் 1853-ல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது இவர் பாட்டுகள்தான் அதற்கு முதுகெலும்பு.

பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர், மாயூரத்தில் முன்சீப், அதாவது கீழ்க்கோர்ட்டு நீதிபதி. 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' அவருடையது. தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) அவர் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றியதைப் பார்த்து கோபாலகிருஷ்ண பாரதியார் அவர் மேலேயே ஒரு பாட்டுக் கட்டினார்.

மண்டபம் அண்ணன்: 'என்னோடிரும் மா நேச கர்த்தரே' பாட்டை அடக்கத்தில் பாடுகிறோம். அது மாலை ஜெபப் பாட்டுதானே? அடக்கத்தில் பாடலாமா?

தாராளமாகப் பாடலாம் அண்ணே. ஹென்றி லைட் என்ற குருவானவர் அதை எழுதினார். இங்கிலாந்தில் பிரிக்ஸ்ஹாம் என்ற மீன்பிடித் துறைமுகத்தில் இருபது வருடத்துக்கு மேல் ஊழியம் செய்தவர். நம்மைப் போலவே படகு திரும்புகிறதா என்று கரையில் நின்று பார்க்கிற சனங்கள். காசநோய் முற்றி, சுகத்துக்காகத் தெற்கே போன இடத்தில், இன்றைய பிரான்சின் நீஸ் நகரில் 1847 நவம்பரில் இறந்துபோனார். பாட்டும் அவருடைய அந்தக் கடைசிக் காலத்தோடு சேர்ந்தது. 'வெளிச்சம் மங்கி இருட்டாயிற்றே' என்பது பொழுதை மட்டும் சொல்லவில்லை. நாம் பாடும் மெட்டு வில்லியம் மங்க் போட்டது, 1861-ல் வந்தது. கொஞ்சம் நிதானமாகப் பாடச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் சவப்பெட்டி வாசலைத் தாண்டுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஓட்டுகிறார்கள். அது எனக்கு வருத்தம்.

வேதாளை தங்கச்சி: 'இரத்தம் காயம் குத்தும்' நம்ம ஊர்ப் பாட்டா?

ஜெர்மனியிலிருந்து வந்தது, பவுல் கெர்ஹார்ட் எழுதியது. அவருக்கு மூலம் ஒரு பழைய லத்தீன் பாட்டு. மெட்டு மட்டும் முதலில் ஒரு காதல் பாட்டுக்கு ஹான்ஸ் ஹாஸ்லர் போட்டது.

அவரே: 'பாவ சஞ்சலத்தை நீக்க'?

ஜோசப் ஸ்கிரிவன். அயர்லாந்துக்காரர். கல்யாணத்துக்கு முந்தின நாள், கட்டிக்கொள்ள இருந்த பெண் தண்ணீரில் மூழ்கி இறந்துபோனாள். அப்புறம் கனடா போய்விட்டார். நோயாக இருந்த தாய்க்கு ஆறுதலாக 1855-ல் இதை எழுதி அனுப்பினார், தன் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. கடலுக்குப் பிள்ளையைக் கொடுத்த ஒரு அம்மா எங்கள் கோயிலில் இந்தப் பாட்டுக்கு மட்டும் எழுந்து நிற்பார். இந்தக் கதையை அவரிடம் சொன்ன அன்று, "அப்ப அவருக்கும் தெரியும்" என்றார்.

தொண்டி ஐயா: என் தகப்பனார் உபதேசியார். அவருடைய கையெழுத்து நோட்டில் பெயரில்லாத கீர்த்தனைகள் இருக்கின்றன. எழுதியவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் மொபைலில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள் ஐயா. நம் உப்புக் காற்றில் தாள் மடிப்பிலேயே பொடிந்துபோகும். அப்புறம் கடைசிச் சரணத்தைப் பாருங்கள். பழைய கவிராயர்கள் பெயரை அங்கேதான் முத்திரையாக வைப்பார்கள். 'வேதநாயகன்' என்று வந்தால் கவனம். அது இயேசுவையும் குறிக்கும், சாஸ்திரியாரையும் குறிக்கும், அவர் வேண்டுமென்றே அப்படிப் பின்னியிருப்பார். மேலே ராகம், தாளம் குறித்திருந்தால் அதையும் விடாதீர்கள். பழைய கீர்த்தனைப் புத்தகத்தில் பல்லவியை ஒத்துப் பாருங்கள், பாதி அங்கேயே அகப்படும்.

மீதியில் உங்கள் தகப்பனாரே கட்டிய பாட்டும் இருக்கலாம். மெட்டுத் தெரிந்த அத்தை, சித்தி யாராவது இருந்தால் இந்த வாரமே போய்ப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். நோட்டில் மெட்டு இருக்காது.